வாப்பா பார்த்த பிறை

கும்மிடிப்பூண்டி
மார்ச் 23

அன்புத் தம்பி ரஃபிக்கு லாத்தா ஜாஹிதாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் மச்சானும் வாப்பாவும் நல்ல சுகம். நீ அந்தப் பனிமலையில் காதுக்குக் குல்லா போடுகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. பெருநாளுக்கு உனக்கு ஒரு வாய் பிரியாணி கொடுக்க ஆளில்லையே என்று நினைத்துக்கொண்டேதான் சட்டியை இறக்கினேன்.

லாத்தாவுக்கு என்ன திடீரென்று கடிதப் பைத்தியம் என்று கேட்பாய். போனில் உன் பேச்சில் பாதியை அங்கே காற்று தின்றுவிடுகிறது. மீதிப் பாதி இங்கே வாப்பா காதில் விழுந்துவிடுகிறது. பூட்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை, நடுவில் ஒரு திரைத்துணி, இதில் என்ன ரகசியம் பேச? மாடிக்குப் போனால் பின்னாலேயே காற்று வாங்க வந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

இருபத்தொன்பதாம் நோன்பு சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதையும் பிடித்துவிடு. இதில் என்ன குழப்பம் வரப்போகிறது என்று நினைப்பாய். வந்தது. வழக்கம்போல வாப்பாவும் உன் மச்சானும் இன்னும் நாலைந்து பேரும் ஏரிக்கரை மேலே நின்று மேற்கே பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கம்தான் தெரியுமே, கம்பெனிப் புகை. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாப்பா மட்டும், "தோ, பாத்துட்டேன்" என்றாராம். பக்கத்தில் நின்ற உன் மச்சானும் ஆமாம் என்றார். சாட்சிக்கு இரண்டு பேர் போதுமே. நம் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி, வாப்பா சொல்லுக்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் பெருநாள் என்று தக்பீர் முழங்கிவிட்டது.

பிறகு சென்னையிலிருந்து அறிவிப்பு வருகிறது, எங்குமே பிறை தெரியவில்லை என்று. ஊர் உலகமெல்லாம் முப்பதாவது நோன்பு பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நம் பள்ளிவாசல் ஜமாஅத் மட்டும் பிரியாணி தின்றது. பஜார் பள்ளிவாசல்காரர்கள் சிரித்தார்கள். தேர்வாய் கண்டிகைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஒருநாள் லீவைத் தப்பான நாளில் போட்டுவிட்டு மறுநாள் எல்லாரும் தொழப் போகும்போது ஷிப்டுக்குப் போனார்கள்.

வாப்பாவை முத்தவல்லி குறை சொல்லவில்லை. ஆனால் இளசுகள் விடுவதாக இல்லை. கடைசியில் அவருக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. உங்க தம்பி நட்சத்திர ஆராய்ச்சிதானே செய்கிறார், அன்றைக்குப் பிறை தெரிந்திருக்குமா என்று ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்லுங்கள், அதோடு பேச்சு அடங்கட்டும் என்கிறார். தெரிந்திருக்காது என்று நீ எழுதினால் ஜமாஅத் மொத்தமும் விட்ட நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

நான் வாப்பாவிடம் ஜாடையாகக் கேட்டேன். "இடப்பக்கம் ஓரத்துலமா. நிமிந்தாப்ல நின்னுச்சு, வெள்ளிக் கம்பியாட்டம். கண்ணத் திருப்பினா பளிச்சுனு வரும், போயிடும். ரெண்டு தபா பாத்தேன்" என்றார். போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்ததிலிருந்து, பூட்ஸ் டப்பாவில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கிறேன் பார் என்று பெருமைதான். அந்தப் புதுக் கண்ணால் பார்த்ததாகத்தான் சொல்கிறார்.

தம்பி, வாப்பாவுக்குச் சொத்து இந்தக் கடையும் அவர் சொல்லும்தான். கடை போனால்கூடத் தாங்குவார். நீ ஒன்றும் பொய் எழுத வேண்டாம். தெரிந்திருக்கவும் வாய்ப்புண்டு, தெரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு என்று நடுவாந்திரமாக நாலு வரி எழுதிவிடு. உங்கள் படிப்பில் அப்படி எழுத இடம் இருக்குமே.

துஆவுடன்,
உன் லாத்தா ஜாஹிதா

லடாக்
ஏப்ரல் 5

அன்புள்ள லாத்தாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். குல்லா தலையை விட்டு இறங்குவதில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், மூன்று வேளையும் பருப்பு. வாப்பாவுக்கும் பைசல் மச்சானுக்கும் என் ஸலாம்.

நடுவாந்திரமாக எழுத எங்கள் படிப்பில் நிறைய இடம் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் இல்லை. அன்று காலையில்தான் அமாவாசை முடிந்தது. வாப்பா ஏரிக்கரையில் நின்றபோது பிறைக்கு அரைநாள் வயதுகூட ஆகவில்லை. அதை வெறுங்கண்ணால் உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. தெரிந்திருக்கலாம் என்று எழுத எனக்குக் கை வராது.

வாப்பா சொன்ன அடையாளங்களே போதும், அது பிறை இல்லை என்று காட்ட. சூரியன் இறங்கின இடத்துக்குச் சற்று மேலேதான் பிறை இருக்கும், இடப்பக்கம் ஓரத்தில் போய் நிற்காது. இந்த மாதத்தில் நம் ஊரில் அது படகு மாதிரி மல்லாந்து கிடக்கும், நிமிர்ந்து நிற்காது. கண்ணைத் திருப்பினால் வந்துவிட்டுப் போவதற்கு அது என்ன மின்மினிப் பூச்சியா? இந்த மூன்றையும் கணக்கோடு எழுதி முத்தவல்லிக்குத் தனிக் கடிதமாக வைத்திருக்கிறேன்.

வாப்பா பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை, நினைக்கவுமில்லை. எதிர்பார்த்துப் பார்க்கிற கண்ணுக்கு எதிர்பார்த்தது தெரியும். எங்களிலேயே பெரிய பெரிய ஆட்கள் அப்படி ஏமாந்திருக்கிறார்கள். ஒரு நோன்பைத் திரும்பப் பிடித்தால் முடிந்தது. இதை இவ்வளவு பெரிதாக்காதே. வாப்பா பக்குவமான மனிதர்.

என்றும் அன்புடன்,
ரஃபி

கும்மிடிப்பூண்டி
ஏப்ரல் 20

தம்பி ரஃபிக்கு ஸலாம். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்புக்கும் ஒன்றும் வராமல் அல்லாஹ் காக்கட்டும்.

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லி மைக்கிலேயே படித்துவிட்டார். நான் சமையல்கட்டில் நின்று கேட்டேன். நல்ல தமிழில்தான் எழுதியிருந்தாய். மின்மினிப் பூச்சி என்று வந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தது மைக்கில் கேட்டது. எனக்கு எழுதியதோடு விட்டிருக்கலாம், அதை அங்கேயும் எழுத வேண்டுமா?

படித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து வாப்பா எழுந்தார். இன்னொரு தடவை படிங்க என்று கேட்டாராம். மறுபடி படித்தார்கள். பிறகு வாப்பா மைக்கில் பேசினது எனக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. "எம் மவன் கணக்குப் போட்டு எழுதினான்னா அது சரியாத்தான் இருக்கும். நான் பாத்தது பிறை இல்ல. இல்லாதத பாத்தேன்னு சாட்சி சொல்லிட்டேன். உங்க நோன்பு என் கழுத்துல. மன்னிச்சுக்குங்க."

ஒருத்தரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் மோசம். திங்கட்கிழமை எல்லாரும் விட்ட நோன்பைப் பிடித்தார்கள். வாப்பா அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அன்றைக்கே முத்தவல்லியிடமிருந்து உன் கடிதத்தை வாங்கி வந்து தானும் ஒரு முறை படித்தார். நல்லா எழுதிருக்கான் என்றார். கோபமே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கடையில் உட்கார்ந்தால் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே இருக்கிறார். பூச்சி மொய்க்குதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில் நாள், பக்கத்தில் சாக்கடை வேறு.

உன் மச்சான் சரியாகப் பேசுவதில்லை. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

லாத்தா ஜாஹிதா

லடாக்
மே 4

அன்புள்ள லாத்தாவுக்கு ஸலாம். எல்லாரும் நலம் என்று அறிந்து நிம்மதி. இங்கே பனி கரைய ஆரம்பித்திருக்கிறது. ஜலதோஷம் பிடித்து இப்போது தேவலாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான். கோபித்துக்கொள்ளாதே. எத்தனை பேர் தன் தப்பை அத்தனை பேர் நடுவில் எழுந்து ஒத்துக்கொள்வார்கள்? அந்த மின்மினி வரி தேவையில்லாததுதான், ஒத்துக்கொள்கிறேன். எழுதும்போது கை ஓடிவிட்டது. கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும். நம் ஆட்களுக்குப் பேச அடுத்த விஷயம் வந்துவிடும்.

என் பாடு இழுபறிதான். ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தைப் பேராசிரியர் மறுபடி திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் எடுக்கிற படங்களில் கோடாகவும் வளைவாகவும் மங்கலாக ஒளி விழும். எது வானத்தில் இருப்பது, எது நம் கருவியின் கோளாறு என்று பிரிக்க வேண்டும். ஐந்து வருஷமாக இந்தக் குப்பை பொறுக்குகிற வேலைதான் செய்கிறேன். நீ பிரித்ததில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்கிறார் அவர்.

பூச்சிக்குக் கடை ஜன்னலில் கொசுவலை அடிக்கச் சொல். நோன்பு அதிகம் பிடித்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று வாப்பாவிடம் சொல்.

அன்புடன்,
ரஃபி

கும்மிடிப்பூண்டி
மே 25

ரஃபிக்கு ஸலாம். சுகம்தானே.

கொசுவலை அடித்தாகிவிட்டது. வலைக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டும் கையை வீசுகிறார்.

நீ பெருமைப்பட்ட விஷயத்தைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் மச்சான் அன்றைக்கு ஒன்றையும் பார்க்கவில்லை. பெருநாள் அன்றே என்னிடம் சொல்லிவிட்டார். "மாமா பாத்தேன்னாரு. மாமனார இல்லன்னு சொல்ல எனக்கு எப்புடி வாய் வரும்" என்றார். உனக்கு எழுதும்போது நான் அதை முழுங்கிவிட்டேன். உன் மச்சான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் சாட்சி ஒன்றோடு நின்றிருக்கும், பெருநாளும் வந்திருக்காது, உன் கடிதமும் வந்திருக்காது. இப்போது அவருக்குத் தூக்கம் இல்லை. ஜமாஅத்தில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். வாப்பா கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். ஒருத்தன் தலை குனிஞ்சது போதும், பொண்ணு குடுத்த ஊட்டுக்காக நீ சொன்னே, போ என்றார்.

வாப்பா முன்னைப் போல இல்லை. கையுறை கேட்டு வந்த பெயிண்டருக்கு இரண்டையும் இடதுகைக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறார். டீயைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார். படிக்குப் பக்கத்தில் அடுக்கின பூட்ஸ் டப்பாவை இடித்துத் தள்ளிவிட்டார். கேட்டால் கவனம் இல்லம்மா என்பார். ஆள் வந்தால் நேராகப் பார்ப்பதில்லை, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டே பேசுகிறார். வெட்கத்தில் அப்படிச் செய்கிறார் என்று கடைக்கு வருகிறவர்களே சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

உம்மா இருந்திருந்தால் இரண்டு அதட்டல் போட்டு நிமிர்த்தியிருப்பார்கள். எனக்கு அந்த வாய் இல்லை.

ஜாஹிதா

லடாக்
ஜூன் 4

லாத்தாவுக்கு ஸலாம். அவசரமாக எழுதுகிறேன். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

மச்சானிடம் சொல், நான் தப்பாக நினைக்கவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் ஆமாம் வாப்பா என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாப்பாவுக்கு வயதாகிறது, லாத்தா. மனக்கஷ்டத்தில் கவனம் சிதறுவது சகஜம். முடிந்தால் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பவர் சரிபார்த்துவிடு. ஆகஸ்டில் நானே வந்து பத்து நாள் பக்கத்தில் இருக்கிறேன். இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியாகிவிடும்.

ரஃபி

கும்மிடிப்பூண்டி
ஜூன் 16

தம்பி ரஃபிக்கு. போனில் பாதி சொன்னேன், மீதி அழுகையில் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். ஸலாம்கூடப் போடாமல் ஆரம்பித்துவிட்டேன் பார். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸ்டேஷன் ரோட்டில் இடப்பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோவை வாப்பா பார்க்கவில்லை. கையில் சிராய்ப்புதான். ஆனால் ஆட்டோக்காரன், பெரியவரே, ஆரன் அடிச்சும் நேரா வந்து உழுறீங்களே, கண்ணு தெரியலியா என்று கேட்டிருக்கிறான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பாருங்கள் என்றேன். ஒரு கறுப்புத் துணி தொங்குதும்மா, கீழே கொஞ்சம் தெரியுது என்றார். எத்தனை நாளாக என்றேன். ஒரு மாசமாக என்றார்.

ரயில் ஏறிச் சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து விட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு அந்தம்மா டாக்டர் கேட்டார்: ஆரம்பத்தில் கண்ணோரத்தில் மின்னல் மாதிரி, வளைந்த கோடு மாதிரி வெளிச்சம் ஏதாவது தெரிந்ததா, கண்ணைத் திருப்பும்போது வந்து போயிருக்குமே. வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, இல்ல டாக்டர், நான் ஒண்ணும் பாக்கல என்றார். நான்தான் சொன்னேன். இடப்பக்கம், நிமிர்ந்து, வெள்ளிக் கம்பி மாதிரி என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

விழித்திரை கிழிய ஆரம்பித்தது அந்தப் பிறை பார்த்த நாளில்தானாம். புரை எடுத்த சிலருக்குப் பிற்பாடு இப்படி வருமாம். வெளிச்சம், அப்புறம் பூச்சி பறக்கிற மாதிரி, அப்புறம் திரை. முதல் நாளே வந்திருந்தால் சின்ன வேலை என்றார். இடக்கண் இனி இல்லை. ஆபரேஷன் செய்தாலும் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாதாம்.

இன்னும் கேள். வலக்கண்ணிலும் இரண்டு இடத்தில் மெலிந்திருக்கிறது. லேசர் வைத்தால் அது கிழியாமல் தாங்குமாம். உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை, இன்றைக்கே செய்யலாம் என்றார்கள். வாப்பா வேண்டாம் என்று எழுந்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். உன் மச்சான் காலைப் பிடித்தார். ரயிலில் வரும்போது மெதுவாகச் சொன்னார். "பொய்ச் சாட்சிக்கு அல்லா குடுத்த கூலிம்மா இது. இதுல போய் நான் பேரம் பேசக் கூடாது."

நீ சொன்னால் கேட்பார். அவர் கேட்கிறது உன் ஒருத்தன் சொல்லைத்தான்.

ஜாஹிதா

லடாக்
ஜூன் 21

லாத்தா, நான் கிளம்பிவிட்டேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒரு படத்தில் இருக்கக்கூடாத இடத்தில் ஒளிக்கோடு விழுந்தால் முதல் வேலையாகக் கருவியைத்தான் கழற்றிப் பார்ப்போம். புதிதாகச் சேர்ந்த மாணவன்கூட அதைச் செய்வான். ஐந்து வருஷமாக எனக்கு அது ஒன்றுதான் வேலை. நீ எனக்கு எழுதினாய், இடப்பக்கம், ஓரத்தில், கண்ணைத் திருப்பினால் வருகிறது என்று. நான் அதை வைத்துக்கொண்டு வானத்தில் அது இல்லை என்று நிரூபித்தேன். சரி, வானத்தில் இல்லை. அப்புறம் எங்கே இருந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பூச்சி என்று எழுதினாய், கொசுவலை அடி என்றேன்.

முத்தவல்லிக்கு இன்னொரு கடிதம் எழுதி எடுத்து வருகிறேன். வாப்பா பொய் சொல்லவில்லை, அவர் கண்ணில் வெளிச்சம் தெரிந்தது உண்மை என்று. அதையும் மைக்கில் படிக்கட்டும். பிறகு வாப்பா ஆஸ்பத்திரிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ரஃபி

கும்மிடிப்பூண்டி
ஜூலை 18

அன்பு மகன் ரஃபிக்கு வாப்பா அசன் முகைதீன் சொல்லச் சொல்ல ஜாஹிதா எழுதுவது. நான் சொல்றதை அழகுபடுத்தாமல் அப்படியே எழுது என்று உத்தரவு.

ஸலாம் மவனே. நல்லபடியா மலை ஏறிப் போய்ச் சேந்தியா? நாலு நாள் நீ பக்கத்துல இருந்தது எனக்கு நாலு பெருநாள். வத்தக் கொழம்புல ரெண்டு தபா சோறு போட்டுக்கினியே, அது போதும். எளைச்சிட்டேன்னு உங்க லாத்தா பொலம்புறா. எனக்கு ஒரு கண்ணுல பாதியாத்தானே தெரிஞ்சே, அப்பவும் எளைச்சாப்லதான் இருந்தே.

நீ பள்ளியில படிக்கச் சொல்லிக் கொண்டாந்த கடுதாசிய நான்தான் முத்தவல்லிகிட்டேருந்து திருப்பி வாங்கினேன். கோச்சுக்காதே. மொதல்ல நீ எழுதினப்ப உன் வாப்பன் மொகத்தப் பாக்காம எழுதினே. மேல வானத்துல இருக்கறது இருக்கறபடி அதுல இருந்துச்சு. இப்ப நீ எழுதிக்கினு வந்தது என் மொகத்தப் பாத்துட்டு எழுதினது. அப்ப எழுதினது கணக்கு. இப்ப எழுதறது பாசம். நான் வியாபாரி, கணக்கத்தான் நம்புவேன்.

கண்ணுக்குள்ள வெளிச்சம் வந்துச்சுன்னு நீயும் டாக்டரும் சொல்றீங்க. இருக்கட்டும். ஆனா நான் ஜனங்க முன்னால வெளிச்சம் பாத்தேன்னு சொல்லலியே. பிறை பாத்தேன்னுதானே சொன்னேன். ஒரு நோன்ப என் பேச்ச நம்பி விட்டாங்க. அதுல வயசானவங்க உண்டு. அடுத்த ரமலானப் பாக்காம போறவங்களும் இருப்பாங்க. அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்ல?

லேசர் வேணாம். அத விட்டுடு. ஆனா நீ கெளம்பற அன்னிக்கு பிளாட்பாரத்துல நின்னுக்கினு அழுதியே, அதுக்காவ ஒரு வாக்கு குடுத்தேன் இல்ல, வலக்கண்ணுல வெளிச்சம் ஏதாச்சும் வந்தா அந்த நிமிசமே ஜாஹிதாகிட்ட சொல்லிடறேன்னு. அது ஞாபகம் இருக்கு. என் சொல்லுக்கு இப்ப இன்னா மதிப்புன்னு நீயே கேப்பே. இருக்கறத குடுத்தேன்.

பைசல ஒண்ணும் சொல்லாதே, நல்ல புள்ள. உன் பரீட்ச நல்லபடியா முடியணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்கறேன்.

வாப்பா

லடாக்
ஜூலை 30

வாப்பா அவர்களுக்கு ஸலாம்.

பாசமாக எழுதினால் நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே கணக்காக எழுதுகிறேன். உங்கள் வலக்கண்ணைப் பற்றிச் சென்னை டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை இங்கேயுள்ள இன்னொரு கண் டாக்டரிடமும் காட்டிக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒன்றுதான். ஒரு கண் இப்படிப் போனவருக்கு, மறுகண்ணிலும் மெலிவு இருந்தால், சும்மா விட்டால் அதுவும் கிழிய நிறைய வாய்ப்பு. லேசர் வைத்தால் பெரும்பாலும் கிழியாது. கிழிந்த பிறகு வெளிச்சம் தெரிந்த உடனே போனால் காப்பாற்றலாம். நாள் தள்ளினால் முடியாது.

பொய்ச் சாட்சி என்பது, இல்லை என்று தெரிந்தே இருக்கிறது என்று சொல்வது. நீங்கள் தெரிந்து சொல்லவில்லை. இது என் கருத்து இல்லை, மார்க்கம் படித்தவர்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரஃபி

கும்மிடிப்பூண்டி
ஆகஸ்ட் 19

அன்புத் தம்பி ரஃபிக்கு லாத்தாவின் ஸலாம். நேற்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். குளிருக்கு ஏதாவது போர்த்திக்கொண்டு உட்கார்ந்து இதைப் படி. உனக்கு முழுதாக எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

உன் கடிதம் வந்த அன்று வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னார். முடிந்ததும் சிரித்தார். ஸலாமைக்கூடச் சுருக்கமாகப் போட்டிருக்கிறான் பார், எவ்வளவு பாசம் இவனுக்கு என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? மடித்து வைத்துவிட்டேன்.

தினமும் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், வெளிச்சம் ஏதாவது வந்ததா வாப்பா என்று. ஒண்ணுமில்லம்மா என்பார். ஒரு நாள் விடவில்லை நான். நீ அல்லாஹ்வுக்காக நம்பு. கடைக்குக்கூட அனுப்பாமல் உன் மச்சானையே உட்கார வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். விளக்கைப் போடும்மா என்றார். உச்சி வெயில், ஜன்னல் திறந்திருந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். உன் மச்சான் கார் பிடித்தார். ஆஸ்பத்திரியில் அதே அம்மா டாக்டர்தான். பார்த்தார். இரண்டாவது தடவை பார்த்தார். ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று என்னைத்தான் கேட்டார். இன்றுதான் என்றேன். இல்லை, இது வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும், அவருக்கு வெளிச்சம் தெரிந்திருக்குமே என்றார்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேன், வந்துச்சா வாப்பா என்று. பொய் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளியிலிருந்தே வந்ததாம். வலப்பக்கம் ஓரத்தில், நாளுக்கு நாலைந்து தடவை. நான் கேட்கும்போதெல்லாம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தம்பிக்கு வாக்குக் கொடுத்தீர்களே என்றேன். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்தேன். சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். ஆனா உங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரியுதுன்னு இன்னொரு தபா என் வாயால வரல ஜாஹிதா."

உன் மச்சான் அங்கேயே எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ லீவு போட்டு வர வேண்டாம் என்கிறார் வாப்பா. முதலில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வா என்கிறார். உன் படிப்பில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. என் மவன் எழுதினால் எழுதினதுதான் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேளைக்குச் சாப்பிடு.

லாத்தா ஜாஹிதா